விரல் விரியுமா

கால் சூடாக இருந்தது. அதுதான் கோகிலாவுக்குப் பிடிக்கவில்லை. மிதுன் பிறந்ததிலிருந்து அவன் பாதம் சூடாக இருந்து அவள் பார்த்ததே கிடையாது. பல்லடமே வெயிலில் வெந்துகொண்டிருக்கும் சித்திரையில்கூட அவன் பாதம் மட்டும் பானைத் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோலச் சில்லென்று இருக்கும், அதைத் தன் அடிவயிற்றில் வைத்துச் சூடேற்றிக்கொண்டே அவள் தூங்கிப்போவாள். இப்போது இடது காலில் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. கட்டின் வாயிலிருந்து ஐந்து விரல்கள் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தன. ஐந்தும் சிவந்து, கொழுகொழுவென்று, ஓடியாடுகிற பிள்ளை எவனுடைய விரல்களோ போல இருந்தன. புறங்கையை வைத்துப் பார்த்தாள். கன்னத்தை வைத்துப் பார்த்தாள். போர்வைக்குள் கையை விட்டு வலது பாதத்தைத் தொட்டாள், அது வழக்கம்போல் சில்லென்று இருந்தது, அது அவள் பிள்ளையின் கால். இது யாருடையது? காலையில் வந்த ஜெபா சிஸ்டர் நகத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ரத்த ஓட்டம் சூப்பரா இருக்குதும்மா, சூடா இருந்தா நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்த ஆஸ்பத்திரியில் எதைக் கேட்டாலும் நல்லதுதான். சூடாக இருந்தாலும் நல்லது, அசையாமல் கிடந்தாலும் நல்லது, பிள்ளை காலையிலிருந்து ஒரு தடவைகூட அழாமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் அது ரொம்ப ரொம்ப நல்லது. கோகிலா யாரையுமே நம்பாதவள் என்று சொல்லிவிட முடியாது. டவுன் பஸ் கண்டக்டரை நம்புவாள், கேஸ் சிலிண்டர் போடுகிற ஆளை நம்புவாள், தன் புருஷன் பூபதி டெம்போவை மெதுவாகத்தான் ஓட்டுகிறான் என்பதைக்கூட நம்பித்தான் தூங்குகிறாள். மிதுன் மேல் கை வைக்கிற யாரையும் நம்பமாட்டாள், அவ்வளவுதான்.

அசையாமல் கிடப்பதில்தான் மனசு போய்ப் போய் முட்டியது. வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தினமும் காலையில் அவனைத் தூக்கி உட்காரவைப்பதற்கு முன்னால் இடது காலின் கட்டைவிரலைப் பிடித்து மெதுவாக ஓர் இழுப்பு இழுப்பாள். இழுத்ததும் ஐந்து விரலும் விசிறி மாதிரி விரியும், பாதம் வெடுக்கென்று ஓர் ஆட்டம் ஆடும். அந்த ஆட்டத்தை வைத்து அவளுக்கு அன்றைய நாள் தெரிந்துவிடும். லேசாக ஆடினால் மருந்து நன்றாக இறங்குகிறது, சோறு ஊட்டலாம், பள்ளி வேனுக்குத் தயார் செய்யலாம். விடாமல் ஆடினால் எங்கேயோ கோளாறு. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளைக்குக் காற்றுப் போகாமல் பிழைத்த பிள்ளை அவன். சி.பி. என்றார்கள், முதலில் அது ஏதோ தடுப்பூசியின் பெயர் என்று நினைத்தாள், மூளை முடக்குவாதம் என்று பிறகுதான் புரிந்தது. வளர வளரக் கை கால் சதையெல்லாம் முறுக்கிக்கொண்டு, உடை மாட்டக் காலைப் பிரிப்பதே பெரும்பாடாகி, கடைசியில் அவன் வயிற்றுத் தோலுக்கடியில் பவுடர் டப்பா மூடி அளவில் ஒரு பம்ப் வைத்தார்கள். அதிலிருந்து நூல்போல ஒரு குழாய் உள்ளுக்குள்ளேயே இடுப்பைச் சுற்றிப்போய் முதுகெலும்புக்குள் நுழைகிறது, சதையை இளக்குகிற மருந்து அதன் வழியே ராப்பகலாக இறங்குகிறது. பம்ப் வைத்த பிறகுதான் அவன் மடியில் உட்கார்ந்தான். பேச்சு வரவில்லை, வராது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் சந்தோஷமாக இருந்தால் ம்ம்ம் என்று ஓர் இழுவை இழுப்பான், வலித்தால் அந்த இழுவை நின்றுவிடும். மற்றதையெல்லாம் கட்டைவிரல்தான் சொல்ல வேண்டும். அந்த விரலை இன்று காலையிலிருந்து எத்தனை தடவை இழுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. சிஸ்டர் போனதும் இழுத்தாள், பக்கத்துக் கட்டில்காரி முகம் கழுவப் போனபோது இழுத்தாள், இதோ இப்போதும் இழுக்கிறாள். வாழைப்பழம் மாதிரி வளைந்து கொடுக்கிறது. விட்டால் விட்ட இடத்தில் கிடக்கிறது. விரியவில்லை. ஆடவில்லை. கொஞ்சமாக இல்லை, சுத்தமாக இல்லை.

ஆபரேஷனுக்கு ஊசி போட்டபோது நரம்பைக் குத்திவிட்டார்களா. அப்படிக் கேட்டுவிடவும் முடியாது, கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள், பிறகு ரொம்பப் பொறுமையாகப் பேசுவார்கள். அந்தப் பொறுமையை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். போன வருஷம் கோடையில் மிதுன் உடம்பெல்லாம் சொறிய ஆரம்பித்தான், கை எட்டாத இடத்தைத் தலையணையில் தேய்த்தான், காலையில் விரலை இழுத்தால் ஆட்டம் நிற்கவே இல்லை. தூக்கிக்கொண்டு ஓடினாள். இந்த ஆஸ்பத்திரி இல்லை, வேறு ஒன்று. அங்கே இருந்த டாக்டர் வேர்க்குரு என்றார். பவுடர் எழுதிக் கொடுத்தார். பம்ப்பில் ஏதோ கோளாறுங்க என்று இவள் சொல்லச் சொல்ல, அவர் ரொம்பப் பொறுமையாக, அம்மா பம்ப் எல்லாம் நல்லா ஓடுது என்றார். பம்ப் நன்றாகத்தான் ஓடியது. குழாய்தான் முதுகில் ஓர் இடத்தில் மடங்கி, மருந்து இறங்காமல் போயிருந்தது. அது தெரிவதற்குள் காய்ச்சல் ஏறி, உடம்பு பலகையாகி, ஐ.சி.யூ.வுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்ற அவளுக்கு உள்ளே அவன் பல் கடிக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடி வழியாகச் சத்தம் கேட்காது என்று பூபதி சொன்னான். அவளுக்குக் கேட்டது. அன்றைக்கு முடிவு செய்தாள், இனி இந்த முதுகை என்னைக் கேட்காமல் ஒருவரும் தொடக்கூடாது. பள்ளி வேனில் ஆயா தூக்குவதாக இருந்தாலும் சரி, மாமியார் ஆசையாகத் தடவுவதாக இருந்தாலும் சரி, முதுகில் கை பட்டால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். மாமியார் அதற்காக ஒரு மாசம் பேசாமல் இருந்தாள், இருந்துவிட்டுப் போகட்டும்.

அதனால்தான் ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்தபோது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். நஸ்ரின் என்று பெயர், சின்ன வயசு, சத்தம் குறைவாகப் பேசுகிற பெண். அதுவே சந்தேகமாக இருந்தது, தப்பு இல்லாதவர்கள் கொஞ்சம் சத்தமாகத்தானே பேசுவார்கள். குதிகாலில் எலும்பை வெட்டி நேராக்கி, தசைநாரை நீளமாக்கித் தைக்கப்போகிறார்கள், வலி அதிகமாக இருக்கும், வலித்தால் இவனுக்குச் சதை இறுகும், இறுகினால் தைத்த இடம் இன்னும் வலிக்கும், ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கும், அதை நிறுத்தக் காலுக்கு மட்டும் மரத்துப்போகிற மருந்து கொடுக்கப்போகிறேன் என்றாள். "மத்த குழந்தைங்களுக்கு முதுகுல ஒரு ஊசி போட்டா வேலை முடிஞ்சிடும்மா. இவனுக்கு அங்க பம்ப்போட குழாய் இருக்கு. அதைக் குத்திடக் கூடாது. அதனால முதுகுப் பக்கமே போகமாட்டேன். தொடைக்குப் பின்னால நரம்பு ஓடுற இடத்துல, ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே, மெல்லிசா ஒரு டியூப் வெச்சு விடுவேன். அது ரெண்டு மூணு நாள் இருக்கும்." "முதுகத் தொடமாட்டீங்கல்லங்?" என்று கேட்டாள் கோகிலா. "தொடமாட்டேன்மா." "சத்தியமாங்?" டாக்டர் சிரித்தாள். சிரித்தாளே தவிர சத்தியம் என்று சொல்லவில்லை, அதைப் பக்கத்தில் நின்ற பூபதி கவனிக்கவில்லை, இவள் கவனித்தாள். நேற்று சாயங்காலம் அவனை வார்டுக்குக் கொண்டுவந்து போட்டதும் முதல் வேலையாகச் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்புக்கு மேலே, முதுகில், உள்ளங்கை அகலத்துக்குப் பிளாஸ்திரி. அடியில் அந்த மெல்லிசு டியூப். கேட்டதற்கு, கீழே வைத்தால் டயப்பர் ஈரம் பட்டுவிடும், அதனால் டியூபைத் தொடையிலிருந்து மேலே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறது என்றார்கள். நல்ல பதில். கேட்டவுடனே வாயில் வந்து விழுகிற நல்ல பதில். முதுகைத் தொடமாட்டேன் என்று சொன்னவள் முதுகில் பிளாஸ்திரி எப்படி ஒட்டினாள், காற்றில் ஒட்டினாளா. பிளாஸ்திரியைப் பிரித்தால்தானே தெரியும் அடியில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று. ஒரு முனையை நகத்தால் நெம்பிக்கூடப் பார்த்தாள், மிதுனின் தோல் கூடவே வந்தது, விட்டுவிட்டாள்.

ரவுண்ட்ஸுக்கு எலும்பு டாக்டர் வந்தார், பின்னாலேயே நாலு பேர், எல்லோரும் கட்டைத் தட்டிப் பார்த்தார்கள், எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார்கள், குதிகால் அழகாக வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். கோகிலா இடையில் புகுந்து, "டாக்டர், வெரல் அசையவே மாட்டீங்குதுங்" என்றாள். "அது மயக்க மருந்துக்காரங்க டிபார்ட்மெண்ட்மா, அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்று அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஜெபா சிஸ்டரிடமும் சொன்னாள். அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்கும் என்பது ஒரு பதிலா. வேர்க்குரு மாதிரி அதுவும் ஒரு பவுடர், மேலே தூவிவிட்டுப் போகிறார்கள். எல்லோரும் போனதும் அந்த டியூப் எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்துபோனாள். முதுகுப் பிளாஸ்திரியிலிருந்து விலாவைச் சுற்றி, தலையணை ஓரமாக வந்து, மாதுளம்பழம் அளவிலிருந்த ஒரு பந்துக்குள் முடிந்தது. பந்துக்குள் மருந்து. கரண்ட் வேண்டாம், மிஷின் வேண்டாம், பலூன் சுருங்குகிற மாதிரி தானே சுருங்கித் தானே மருந்தைத் தள்ளும். நடுவில் வெள்ளையாக ஒரு கிளிப். அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கொஞ்சம் நிதானப்பட்டது, ஏனென்றால் கிளிப் அவளுக்குத் தெரிந்த சாமான். மிதுனுக்கு மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி ஊட்டிய காலத்தில் இதே மாதிரி கிளிப்பைத்தான் நாளெல்லாம் மூடித் திறந்தாள். "இதை மட்டும் தொடாதீங்கம்மா" என்று நேற்றே சிஸ்டர் சொல்லியிருந்தாள். எதைத் தொடாதே என்கிறார்களோ அங்கேதான் விஷயம் இருக்கிறது. மருந்து போவதால் கால் கிடக்கிறதா, இல்லை கால் செத்துக் கிடப்பதை மருந்தின் பெயரால் மூடி மறைக்கிறார்களா. ரெண்டு மூணு நாள் இந்தப் பந்து ஓடும் என்கிறார்கள். மூன்று நாள் கழித்து, ஐயோ அசையவில்லையே என்று அவர்களும் சேர்ந்து உச்சுக் கொட்டினால் அப்புறம் யார் சட்டையைப் பிடிப்பது. இதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, மருந்தை நிறுத்திப் பார்ப்பது. பக்கத்துக் கட்டில்காரி இந்தப் பக்கம் முதுகைக் காட்டி ஃபோனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். கோகிலா மிதுனின் தலையணையைச் சரி செய்கிறவள் மாதிரி குனிந்தாள். க்ளிக். இவ்வளவு சின்னச் சத்தமா. போர்வையை இழுத்து மேலே போர்த்திவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் உட்காருவதுபோல உட்கார்ந்தாள்.

அப்புறம் காத்திருப்பு. கஞ்சி வந்தது, அரைத்துக் குழைத்து ஊட்டினாள், விழுங்கினான், ம்ம்ம் என்றான். விரலை இழுத்தாள். இல்லை. கூட்டுகிற பெண் வந்து கட்டிலுக்கடியில் கூட்டினாள், கோகிலாவைக் காலைத் தூக்கச் சொன்னாள், தூக்கினாள். விரலை இழுத்தாள். இல்லை. சும்மா கிடந்த காலை எதற்கு இங்கே கொண்டுவந்தோம். நடக்கப் போகிறானா, இல்லை. நின்றால் போதும் என்றார்கள், நின்றால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அவனே கொஞ்சம் தாங்குவான், உன் இடுப்புப் போகாது என்றார்கள். ஆகவே இது என் இடுப்புக்காகச் செய்த ஆபரேஷன். என் இடுப்பு வலிக்கிறது என்று நான் எப்போதாவது சொன்னேனா. சொன்னேன். பூபதியிடம் சொன்னேன், தைலம் தேய்க்கச் சொல்லி, அதை அவர் போய் டாக்டரிடம் சொன்னார். இழுத்தாள். இல்லை. மருந்து இன்னும் உள்ளே தங்கியிருக்கும், தங்கிய மருந்து வடிய நேரம் ஆகும், தறிக்குடோனில் மெயினை அணைத்தாலும் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டுதானே இருக்கும். அப்படி இல்லாவிட்டால்? அப்படி இல்லாவிட்டால் என்ற இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுபோகும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும், சூடு, சிவப்பு, பிளாஸ்திரி, சிரித்தாளே சத்தியம் செய்தாளா. சிஸ்டர் ஒருமுறை வந்து நகத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனாள், போர்வையைத் தூக்கவில்லை. இவர்கள் பார்க்கிற லட்சணம் இவ்வளவுதான் என்று நினைத்தாள், நினைத்தபோதே தூக்காதது நல்லதாகப் போயிற்று என்றும் நினைத்தாள். சாப்பாட்டு நேரம் தாண்டி, வார்டு முழுக்க ஒரு தூக்கம் கவிந்த வேளையில், நம்பிக்கையே இல்லாமல் ஒரு தடவை இழுத்தாள். சுண்டுவிரல் அசைந்தது. தன் கைதான் அசைந்ததோ என்று விட்டுவிட்டுப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள். ஐந்து விரலும் விரிந்தன. அழகாக, சோம்பலாக, தூங்கி எழுகிறவன் கை விரிக்கிற மாதிரி விரிந்து, கட்டுக்குள்ளே பாதம் ஓர் ஆட்டம் ஆடியது. கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. பூபதிக்கு ஃபோன் போட்டாள். "ஏனுங்க, கால் வந்துருச்சுங்க! வெரல விரிச்சுட்டானுங்க!" "எந்தக் காலு, எங்க போயிருந்துச்சு?" என்றான் பூபதி, டெம்போ இரைச்சலுக்கு நடுவில். "உங்களுக்கு ஒண்ணும் வெளங்காதுங்க, வெச்சுருங்க" என்று வைத்துவிட்டாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து ரொம்ப நாள் ஆயிற்று.

சந்தோஷத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. ம்ம்ம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை, ஃபோனில் பேசும்போதா, அதற்கு முன்னாலா, விரல் விரிந்தபோதே நின்றுவிட்டதா. மிதுன் ஃபேனைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை, கண் திறந்திருந்தது, மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்வை. "சாமி, என்ன சாமி?" இடது கை மெல்ல மடங்கி நெஞ்சுக்கு ஏறியது. வலது கால் விறைத்தது. பிறகு அந்த இடது கால், அவள் இவ்வளவு நேரம் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கால், முழங்காலிலிருந்து வெடுக்கென்று இழுத்தது, கட்டோடு சேர்த்துக் கட்டில் கம்பியில் போய் மோதியது, தைத்த சதை உள்ளே எப்படி இழுத்திருக்கும் என்று அவள் நினைப்பதற்குள் மறுபடி இழுத்தது. அவன் வாய் திறந்தது. முதலில் சத்தமே வரவில்லை, திறந்த வாய் மட்டும், பிறகு வந்தது, வார்டில் தூங்கினவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். கோகிலா போர்வைக்குள் கையை விட்டுக் கிளிப்பைத் தேடினாள், கை வழுக்கியது, நகம் மடங்கியது, திறந்தாள். திறந்தாகிவிட்டது, இனி சரியாகிவிடும், இதோ இதோ தங்கம், போய்விடும். போகவில்லை. பந்து தன்பாட்டுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் தள்ளும், அதற்கென்ன அவசரம். இரண்டு கையாலும் காலை அமுக்கிப் பிடித்தாள், அமுக்க அமுக்க அது திமிறியது, வலியை இத்தனை பக்கத்தில் வைத்து அவள் தொட்டதே இல்லை. இதற்குத்தானே காலையிலிருந்து காத்திருந்தாய் என்று உள்ளே ஏதோ ஒன்று கேட்டது. நான் கால் வருவதற்குத்தான் காத்திருந்தேன். வலி வராமல் கால் மட்டும் எப்படி வரும்? அதை நான் நினைக்கவில்லை. நினைக்காமலா கிளிப்பை மூடினாய்?

ஜெபா சிஸ்டர் ஓடி வந்தாள், ஊசி மருந்து ஏற்றினாள், ஃபோன் செய்தாள், டாக்டர் நஸ்ரின் மாடிப்படியில் ஏறி வந்த மூச்சிரைப்போடு வந்து நின்றாள். போர்வையைத் தூக்கினாள். பந்தைப் பார்த்தாள், கிளிப்பைப் பார்த்தாள், டியூபைத் தடவிக்கொண்டே முதுகு வரைக்கும் போனாள், பிளாஸ்திரியில் ஒரு முனை தூக்கியிருந்ததை அமுக்கி ஒட்டினாள். "எல்லாம் ஓபன்ல இருக்கு. மருந்து போயிட்டுதான் இருக்கு" என்றாள் சிஸ்டரிடம். உணர்ச்சி இருக்கிறதா என்று ஈரப் பஞ்சை விரலில் வைத்தாள், மிதுன் காலை உதறினான். அவள் நெற்றி சுருங்கியது. "வலி மருந்து ஓடுறப்பவே ரெண்டு காலும் இப்படி இறுகுதுன்னா எனக்கு வேற சந்தேகம் வருது. பம்ப் குழாயில பிரச்சனை இருக்கலாம். போன வருஷமும் மடங்கியிருக்குன்னு கேஸ் ஷீட்ல இருக்கு. காய்ச்சல் இருக்கா பாருங்க. முதுகெலும்பு எக்ஸ்ரேக்குச் சொல்லுங்க, நரம்பு சர்ஜனைக் கூப்பிடுங்க. தேவைப்பட்டா பம்ப்புல ஊசி போட்டு இழுத்துப் பார்க்கணும்." இரண்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். புரட்டுவதற்காக ஒருவன் மிதுனின் தோளுக்கடியிலும் முதுகுக்கடியிலும் கை கொடுத்தான். கோகிலா அந்தக் கையையே பார்த்தாள். சொல்லாமல் இருக்கலாம். யாருக்கும் தெரியாது. பார்த்த ஒரே ஆள் மிதுன், அவன் யாரிடம் சொல்லப்போகிறான். அவனுக்குப் பேச்சு இல்லை என்று டாக்டர்கள் சொன்ன நாளிலிருந்து, யாராவது இவனை ஏதாவது செய்தால் இவனால் சொல்ல முடியாதே என்று அவள் எத்தனை பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறாள், வேன் ஆயாவை, பிசியோதெரபி செய்கிறவனை, சொந்த மாமியாரை. அந்தப் பட்டியலில் தன் பெயர் இருந்ததே இல்லை. எக்ஸ்ரேதானே, எடுத்தால் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும், அதற்குள் மருந்தும் இறங்கிவிடும், யாருக்கும் தெரியாமல் எல்லாம் முடிந்துவிடும். முதுகுக்கடியில் போன கை அவனைத் தூக்கியது. மிதுன் அலறினான்.

"முதுகத் தொடாதீங்க!" என்று கத்தினாள். "பம்ப்புல ஒண்ணுமில்லீங் டாக்டர். நாந்தானுங். அந்தக் கிளிப்ப நாந்தான் மூடி வெச்சேனுங். காலைல இருந்து. இப்பத்தான் தெறந்து உட்டேன்."

ஸ்ட்ரெச்சர் நின்றது. ஜெபா சிஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டர் நஸ்ரின் கோகிலாவைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தாள் கோகிலா, திட்டினால் நன்றாக இருக்கும், பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லலாம், வேர்க்குருவைப் பற்றிச் சொல்லலாம், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனவர்களைப் பற்றிச் சொல்லலாம். டாக்டர் திட்டவில்லை. சிரிஞ்சில் மருந்தை எடுத்து அந்த டியூப் வழியாகவே மெதுவாக, நடுநடுவே நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்து, மறுபடி கொஞ்சம் என்று செலுத்தினாள். "ஏன் மூடுனீங்க?" என்று தலையைத் திருப்பாமல் கேட்டாள். "வெரல் விரியிலீங். செத்துப்போச்சோன்னு பயந்துட்டனுங். சொன்னா யாரும் கேக்கலீங்." டாக்டர் சிரிஞ்சை எடுத்தாள். "வெரல் கொஞ்சமாவது அசைஞ்சிருக்கணும். நேத்து டோஸ் ஒரு பிடி கூடிப்போச்சுன்னு நினைக்கிறேன். நீங்க சொன்னது எங்கிட்ட வந்திருந்தா குறைச்சிருப்பேன்." அதுவரை கோகிலா கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகள்தான் அவை. ஒரு டாக்டர் தன் வாயால், நீ சொன்னது சரி என்று. கேட்டபோது மனசுக்குள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு டாக்டர் பிளாஸ்திரி வாங்கி, திறந்திருந்த கிளிப்பின் மேல் சுற்றிச் சுற்றி ஒட்டினாள், நகம் நுழையாதபடிக்கு. ஒட்டி முடித்துவிட்டு, சிஸ்டரைப் பார்த்துத்தான் சொன்னாள், அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை: "அடிக்கடி வந்து நீங்களே பாருங்க. பக்கத்துலயே இருங்க."

கொஞ்ச நேரத்தில் கால் இளகியது. முதலில் தொடை, பிறகு கட்டுக்குள்ளே ஆட்டம் குறைந்து, விரல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து சூடேறின. நெஞ்சுக்கு ஏறியிருந்த கை இறங்கியது. மிதுன் விக்கி விக்கி மூச்சு விட்டான், அவன் கன்னத்தில் உப்பு காய்ந்திருந்தது, துடைக்கத் துணியை எடுத்தாள், எடுத்த கையைப் பார்த்தாள், மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரி ஃபோனை வைத்துவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை கோகிலாவுக்கு நன்றாகத் தெரியும், இத்தனை வருஷமாக அவளே எல்லோர் மேலும் வீசிய பார்வைதான். ஜெபா சிஸ்டர் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கும் கோகிலாவுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். "வெரலைப் பார்க்கணும்" என்றாள், அனுமதி கேட்பதுபோல இல்லை. "பாருங்க சிஸ்டர், நீங்களே பாருங்க" என்றாள் கோகிலா. சிஸ்டர் கட்டைவிரலைப் பிடித்தாள். மிதுனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் அவனைத் தொட்டாலும் தொடுகிற ஆளை அவன் பார்ப்பதில்லை, கண்ணைச் சுற்றி வரவிட்டு அம்மாவைத் தேடிப்பிடித்துப் பார்ப்பான், இந்தக் கை சரிதானா என்று கேட்பான், அவள் தலையாட்டினால்தான் உடம்பைத் தளர்த்துவான். இப்போதும் தேடினான். சிஸ்டரின் தோளைத் தாண்டி, வீங்கிய கண்ணை உருட்டி, அவளைக் கண்டுபிடித்தான். கோகிலா தலையாட்டினாள். அவன் நம்பிக் கண்ணை மூடிக்கொண்டான்.